தக்கலையில ஒரு நாள் கிரிப்டோ கீ கிளாஸ்: லூடோ கட்டையில தொடங்கி பிட்காயின் அட்ரஸ் வரைக்கும்

மொதல்லயே சொல்லிடுறேன், இது காயின் வாங்கி விக்க சொல்லித்தர்ற கிளாஸ் இல்ல. தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடி ரூம், சனிக்கிழமை காலைல ஒம்பதரைல இருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும், ஆளுக்கு 800 ரூவா, மத்தியான சாப்பாடும் ரெண்டு சாயாவும் அதுலயே அடக்கம். நடத்துறது காலேஜ்ல கணக்கு எடுத்து ரிட்டயர் ஆன ஒரு டீச்சர், கம்ப்யூட்டர் வேலைய பாத்துக்கிடுறது டீச்சருக்க அண்ணன் மகன். மொத்தம் பதினோரு பேர் இருந்தோம். பிரைவேட் கீ, அதாவது காச செலவழிக்க வேண்டிய ரகசிய சாவி, எங்க இருந்து வருது, அதுல இருந்து வெளிய காட்டலாம்ங்குற பப்ளிக் கீ எப்படி வருது, அதுல இருந்து காச வாங்குற அட்ரஸ் எப்படி வருது, இவ்வளவுதான் அன்னைக்கு பாடம். அஞ்சுக்கு நாலு மார்க் குடுப்பேன், அந்த ஒரு மார்க்க ஏன் குறைச்சேன்னு பின்னால சொல்றேன்.

நான் ஏன் போனேன்னு சொன்னாதான் இந்த ரிவ்யூ புரியும். நான் குளச்சல்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன், கிரிப்டோன்னாலே 30 சதவீத வரி, 1 சதவீத டிடிஎஸ், இவ்வளவுதான் எனக்கு தெரியும், அதுவும் 2022ல வந்ததுக்கு அப்புறம் ரிட்டன்ல எழுத வேண்டி வந்ததால தெரியும். எனக்க தம்பி கல்ஃப்ல வேல பாக்குறான், ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா பிட்காயின் வாங்கி போன்ல ஒரு வாலட்ல, அதாவது அந்த சாவிய வச்சிருக்குற ஆப்ல, வச்சிருந்தான், கடைசியா பாத்தப்ப ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ரூவா கிட்ட. அவனுக்க போன் தண்ணில விழுந்து செத்துப்போச்சு. புது போன்ல வேற ஒரு வாலட் ஆப் இறக்கி, போன் போனாலும் வாலட்ட மீட்க பழைய ஆப் குடுத்து, டைரில எழுதி வச்சிருந்த பன்னெண்டு வார்த்தைய அடிச்சான், பாத்தா பேலன்ஸ் பூஜ்யம். பயந்துபோய் ஒரு குரூப்ல கேட்டுருக்கான், உடனே ஒருத்தன் தனியா மெசேஜ் போட்டு நாங்க சப்போர்ட் டீம், உங்க வாலட்ட வேலிடேட் பண்ணணும்னு ஒரு லிங்க் குடுத்துருக்கான், இவன் அந்த பக்கத்துல பன்னெண்டு வார்த்தையையும் போட்டுட்டான். அதுக்கப்புறம் எல்லாம் போச்சு. சைபர் குற்ற புகார் நம்பர் 1930க்கு விளிச்சு புகார் குடுத்தோம், நம்பர் வாங்கினோம், அத்தோட நிக்குது. ஆனா எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுத்தது அந்த திருடன் இல்ல. வார்த்தை சரியா இருக்கும்போது மொதல்ல ஏன் பூஜ்யம் காட்டுச்சு? அதுக்கு பதில் தெரியாம மனசு ஆறல. ஆபீஸ்ல ஒருத்தங்க இந்த கிளாஸ் பத்தி சொன்னாங்க, சரி போய் பாப்போம்னு போனேன்.

குளச்சல்ல இருந்து திங்கள்நகர் வழியா பஸ், ஒம்பது மணிக்கு போய் சேந்துட்டேன். ரூம்ல ஒரு கரும்பலகை, நாலு பழைய லேப்டாப், தரையில பாய் விரிச்சு ஒரு எவர்சில்வர் தாம்பாளம். வாசல்லயே எல்லாரு போனையும் ஒரு கூடைல வாங்கி வச்சாங்க. டீச்சர் மொத வாக்கியமா சொன்னது, "மக்களே, இன்னைக்கு இந்த ரூமுக்குள்ள ஒருத்தரும் வெல பேசப்பிடாது, என்ன காயின் ஏறும்னு கேக்கப்பிடாது." அந்த ஒரு ரூல்தான் அன்னைக்கு பொழுத காப்பாத்துச்சுன்னு நான் நினைக்கேன், ஏன்னா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வச்சிருக்குற ஒரு அண்ணன் மூணு தடவ அந்த பேச்சுக்கு வந்தாரு, மூணு தடவயும் டீச்சர் கைய காட்டி நிறுத்திட்டாங்க.

மொத ஒரு மணிநேரம் கட்டை உருட்டுறதுதான். ஆமா, நம்ம லூடோ ஆடுற கட்டை. தாம்பாளத்துல டங் டங்குனு உருட்டி வர்ற எண்ண ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் எழுதணும், 99 தடவ. எனக்கும் முட்டத்துல இருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் ஜோடி, அவங்க மகன் கப்பல்ல இருக்கான். எதுக்கு இந்த பாடுன்னா, பிரைவேட் கீங்குறது வேற ஒண்ணுமே இல்ல, ஒரு எண்ணு, 256 பிட் நீளம், அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுதினா 256 எடம், பத்தடிமானத்துல எழுதினா 78 இலக்கம் வரைக்கும் வரும். அந்த எண்ண வேற யாராலயும் ஊகிக்க முடியாதுங்குறதுதான் மொத்த பாதுகாப்பும். ஒரு தடவ கட்டை உருட்டினா சுமார் 2.58 பிட் கிடைக்கும், 99 தடவ உருட்டினா கிட்டத்தட்ட 256. போன் தானாவே ஒரு எண்ண எடுத்துக்காதான்னு ஒரு பையன் கேட்டான். எடுக்கும், பெரும்பாலும் நல்லாவே எடுக்கும், ஆனா 2013 ஆகஸ்டுல ஆண்ட்ராய்டு போன்ல ரேண்டம் எண் எடுக்குற பாகத்துல ஓட்டை இருந்து அங்க செஞ்ச வாலட்ல இருந்து பிட்காயின் திருடு போனத டீச்சர் சொன்னாங்க. அதவிட 2023ல லிப்பிட்காயின்னு ஒரு மென்பொருள்ல 256 பிட் கீ செய்யுறதா நினைச்சு ஆளுங்க செஞ்சது உள்ளுக்குள்ள வெறும் 32 பிட் விதைல, அதாவது தொடக்க எண்ணுல, இருந்துதான் வந்துச்சாம், அதாவது மொத்தமே சுமார் 429 கோடி வாய்ப்பு, அது கம்ப்யூட்டருக்கு ஒரு பொருட்டே இல்ல. அத கேட்டதுக்கு அப்புறம் நான் கட்டைய ஒழுங்கா குலுக்கி உருட்டினேன்.

"1ங்குற எண்ண பிரைவேட் கீயா வைக்கலாமா டீச்சர்?" இத கேட்டது முட்டத்து அம்மாதான். அன்னைக்கு வந்த கேள்வியிலயே இதுதான் எனக்கு புடிச்சது. வைக்கலாம், விதிப்படி சரிதான், அதுக்கும் ஒரு அட்ரஸ் உண்டு, ஆனா அந்த அட்ரஸ உலகத்துல எல்லாருக்கும் தெரியும், அதுல காசு போட்டா போட்ட கணத்துல எவனாவது வச்சிருக்குற புரோகிராம் அத உருவிட்டு போயிரும். அதே மாதிரிதான் ஊர் பேரு, புள்ள பேரு, பைபிள் வசனம் இதெல்லாம் வச்சு கீ செய்யுறதும். மனுசன் மனசுல யோசிக்குறதெல்லாம் யோசிச்சு பாக்க வேற ஆளும் இருக்கான்.

அடுத்து பப்ளிக் கீ. இந்த பாகத்துக்காக மட்டுமே 800 ரூவா குடுக்கலாம், பொய்யில்ல. யூடியூப்ல நான் பாத்த எல்லா வீடியோவும் இந்த எடத்துல ஒரு அம்புக்குறி போட்டு தாண்டிப்போயிரும். டீச்சர் தாண்டல. பலகைல ஒரு வளைகோடு வரைஞ்சாங்க, ஒய் ஸ்கொயர் = எக்ஸ் க்யூப் + 7. பிட்காயினும், எத்தீரியம்ங்குற இன்னொரு கிரிப்டோவும் ரெண்டுமே இதே கோடுதான், எஸ்இசிபி256கே1னு பேரு. இந்த மாதிரி வளைகோட்ட பூட்டுக்கு பயன்படுத்தலாம்னு 1985லயே நீல் கோப்ளிட்ஸ், விக்டர் மில்லர்னு ரெண்டு கணக்கு ஆளுங்க தனித்தனியா சொன்னாங்களாம். கோட்டுல ரெண்டு புள்ளி எடு, ரெண்டையும் சேத்து நேர்கோடு போடு, அது மூணாவதா ஒரு எடத்துல வெட்டும், அத மேல கீழ கவுத்துப்போடு, அதுதான் அந்த ரெண்டு புள்ளியோட கூட்டல். ஒரே புள்ளிய அதோடயே கூட்டணும்னா தொடுகோடு போட்டு அதே மாதிரி செய்யணும்.

இதுக்கு மேலதான் கிராஃப் பேப்பர். நிஜத்துல கோடு இப்படி வழவழன்னு இருக்காது, கடிகார கணக்குல இருக்கும், பன்னெண்டுக்கு அப்புறம் ஒண்ணு வர்ற மாதிரி. நெஜ கணக்குல அந்த கடிகாரம் 78 இலக்க எண்ணுல சுத்தும், நமக்கு 17ல சுத்துற கடிகாரம் போதும்னாங்க. எல்லாரும் பென்சில எடுத்து 17க்கு 17 கட்டம் போட்டு அந்த சமன்பாட்டுக்கு பொருந்துற புள்ளிய குறிச்சோம், மொத்தம் 17 புள்ளி வந்துச்சு, அதோட கட்டத்துக்கு வெளிய இருக்குறதா கணக்குல வைக்குற ஒரு புள்ளியும் உண்டு, சேத்து 18. தொடக்கப் புள்ளியா (15, 13) குடுத்தாங்க. அத அதோடயே கூட்டினா (2, 10). அதோட மறுபடி (15, 13)ஐ கூட்டணும். அங்க 3ஐ 13ஆல வகுக்க வந்துச்சு, கடிகாரத்துல எப்படி வகுக்குறதுன்னு எல்லாரும் முழிச்சோம். 13 நாலு 52, அதுல 17 மூணு 51 போக மிச்சம் 1. அப்ப 13ஆல வகுக்குறதும் 4ஆல பெருக்குறதும் ஒண்ணுதான், 3 நாலு 12. அத வச்சு போட்டா (8, 3). அடுத்தது (12, 1), அப்புறம் (6, 6), (5, 8), (10, 15). பேப்பர்ல பாத்தா புள்ளி ஒரு ஒழுங்கும் இல்லாம அங்கயும் இங்கயும் தாவுது, தவள மாதிரி.

அப்ப டீச்சர் பென்சில கீழ வச்சிட்டு கேட்டாங்க, "நான் ஏழு தடவ தாவுனேன், கடைசில நின்ன எடம் (10, 15). இப்ப அந்த எடத்த மட்டும் ஒருத்தன்கிட்ட காட்டுனா எத்தன தாவலுன்னு அவன் எப்படி சொல்லுவான்?" முதல்ல இருந்து ஒவ்வொண்ணா தாவி பாத்துதான் சொல்லணும். 18 புள்ளில பாத்துறலாம். 78 இலக்கம் அளவுக்கு புள்ளி இருந்தா? அந்த தாவல் எண்ணிக்கைதான் பிரைவேட் கீ, போய் நின்ன புள்ளிதான் பப்ளிக் கீ, தொடக்கப் புள்ளி உலகத்துக்கே பொது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு, ஒரு வருசமா பப்ளிக் கீ பிரைவேட் கீன்னு சாவி பூட்டு படம் பாத்து பாத்து ஒண்ணும் ஏறாம இருந்தது, ஒரு தவள தாவுன கணக்குல ஏறிருச்சு.

அப்ப நமக்கும் அத்தன தாவு தாவணுமே, கம்ப்யூட்டர் எப்படி ஒரு கண்ணிமைக்குள்ள செய்யுதுன்னு இன்ஜினியரிங் படிக்குற பையன் ஒருத்தன் மடக்கினான். இரட்டிப்பு. 100 தடவ கூட்டணும்னா நூறு தடவ கூட்ட வேண்டாம், 2, 4, 8, 16, 32, 64னு ஆறு இரட்டிப்பு போட்டுட்டு 64ஐயும் 32ஐயும் 4ஐயும் சேத்தா முடிஞ்சுது. எண்ணு தெரிஞ்சவனுக்கு 256 பிட்டுக்கு அதிகபட்சம் ஐநூத்திச் சில்லறை படி, எண்ணு தெரியாதவனுக்கு குறுக்கு வழி எதுவும் இன்னைக்கு வரைக்கும் கைக்கு எட்டல. இந்த வித்தியாசத்துலதான் எல்லாருக்க காசும் உக்காந்திருக்கு.

பதினொண்ணரைக்கு சாயாவும் ரசவடையும் வந்துச்சு. ரசவடை கொள்ளாம், சாயா கொஞ்சம் இனிப்பு கூடிப்போச்சு.

சாயாவுக்கு அப்புறம் பப்ளிக் கீல இருந்து அட்ரஸ். புள்ளிக்கு எக்ஸ், ஒய் ரெண்டு எண்ணு உண்டு, ஒவ்வொண்ணும் 32 பைட் (எட்டு பிட் ஒரு பைட்), முன்னாடி 04னு ஒரு அடையாளம் சேத்தா 65 பைட். ஆனா கோடு தெரிஞ்சதுனால எக்ஸ் இருந்தாலே ஒய் ரெண்டுல ஒண்ணுதான், அதனால எக்ஸ மட்டும் வச்சு ஒய் ரெட்டைப்படைன்னா 02, ஒத்தைப்படைன்னா 03னு முன்னாடி போட்டா 33 பைட்டுல அடங்கிரும். எங்க கிராஃப் பேப்பர்லயே அத பாக்கலாம், எக்ஸ் 10ன்னா ஒய் 2 இல்ல 15, ஒண்ணு ரெட்டை ஒண்ணு ஒத்தை. இந்த 33 பைட்ட ஷா-256ங்குற ஹாஷ்ல போட்டு, வர்றத ரைப்எம்டி-160ங்குற இன்னொரு ஹாஷ்ல போட்டா 20 பைட் வரும்.

ஹாஷ்னா என்னன்னு டீச்சர் விளக்க தொடங்கும்போது அந்த ரப்பர் அண்ணன் சொன்ன உதாரணத்த டீச்சரே பலகைல எழுதிட்டாங்க. ரப்பர் பால்ல ஆசிட்ட விட்டு உறைய வச்சு ரோலர்ல குடுத்து புகை வச்சா ஷீட்டு. ஷீட்ட கொண்டுவந்து குடுத்து இத திரும்ப பாலாக்கி தான்னா முடியுமா? அங்கனதான் ஹாஷும், ஒரு வழிதான். ஆனா ஒரு வித்தியாசத்தயும் டீச்சர் சேத்தாங்க, ஷீட்டுல ஒரு துளி பால் கூடக்குறைய இருந்தா கண்ணுக்கு தெரியாது, ஹாஷ்ல ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் மாறிரும். லேப்டாப்ல குளச்சல்னு அடிச்சு ஒரு தடவ, கடைசில ஒரு முற்றுப்புள்ளி வச்சு ஒரு தடவ போட்டு காட்டினாங்க, ரெண்டு விடைக்கும் ஒரு சொந்தபந்தமும் இல்ல.

அந்த 20 பைட்டுக்கு முன்னாடி பூஜ்யம் ஒரு பைட், அத மறுபடி ரெண்டு தடவ ஷா-256ல போட்டு வர்றதுல முத நாலு பைட்ட பின்னாடி ஒட்டுறது, அதுதான் செக்சம், தப்பா அடிச்சா காட்டிக்குடுக்குறது. எல்லாத்தையும் பேஸ்58ல எழுதினா 1ல தொடங்குற பழைய மாதிரி அட்ரஸ். ஏன் 58னா, எழுத்தும் எண்ணும் சேந்த 62ல பூஜ்யம், பெரிய ஓ, பெரிய ஐ, சின்ன எல் இந்த நாலையும் தள்ளிட்டாங்க, கைல எழுதும்போது குழப்பம் வரக்கூடாதுன்னு. கணக்கு எழுதுறவளா நான் இத ரொம்ப மதிக்கேன், 1க்கும் எல்லுக்கும் குழம்பி ஒரு பான் நம்பர் தப்பா போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அட்ரஸ்ல ஒரு எழுத்த மாத்தி அடிக்க சொன்னாங்க, டூல் உடனே சிவப்பு காட்டுச்சு. தப்பா அடிச்சது தற்செயலா சரியாகிப்போக 429 கோடில ஒரு வாய்ப்புதான். ஆனா அது கைப்பிழைக்கு மட்டும்தான் காவல். நம்ம அட்ரஸ் மாதிரியே முன்னும் பின்னும் நாலு எழுத்து ஒத்துப்போற வேற ஒரு முறையான அட்ரஸ திருடன் செஞ்சு நம்ம வாலட்டுல முந்தி அனுப்பினதுக்க பட்டியல்ல நுழைச்சா செக்சம் சத்தமே போடாது, 2024 மே மாசம் ஒருத்தர் இப்படி ஏமாந்து சுமார் 7 கோடி டாலர் மதிப்புக்கு தப்பான அட்ரஸுக்கு அனுப்பினாரு. அட்ரஸ நடுவுலயும் பாருங்கன்னு டீச்சர் சொன்னது அதுக்குத்தான்.

மத்தியானம் சோறு, சாள மீன் குழம்பு, மரச்சீனி மசிச்சது, சைவத்துக்கு சாம்பாரும் அவியலும். வயிறு நெறஞ்சுது. ஒருபாடு பேசினோம்.

சாப்பிட்டதுக்கு அப்புறம் எத்தீரியம். அதே பிரைவேட் கீ, அதே கோடு, அதே புள்ளி, ஆனா அட்ரஸ் செய்யுற விதம் வேற. முன்னாடி இருக்குற 04ஐ தட்டிட்டு மிச்ச 64 பைட்ட கெச்சாக்-256ங்குற ஹாஷ்ல போட்டு கடைசி 20 பைட்ட மட்டும் எடுத்து, முன்னாடி பூஜ்யம் எக்ஸ்னு எழுதினா 42 எழுத்து அட்ரஸ். அந்த இன்ஜினியரிங் பையன் தன் பாட்டுக்கு பைத்தான்ல நாலு வரி எழுதி போட்டு பாத்தான், டூல் காட்டுறதும் அவனுக்கு வந்ததும் ஒத்தே வரல. அரமணிநேரம் மண்டைய ஒடச்சான். அப்புறம் டீச்சருக்க அண்ணன் மகன்தான் எட்டிப்பாத்துட்டு சொன்னான், எடே நீ போட்டது ஷா3, எத்தீரியம் எடுத்தது அது ஸ்டாண்டர்டு ஆகுறதுக்கு முந்தின கெச்சாக், கடைசில ஒட்டுற நிரப்பு மட்டும் வேற, அதுவே போதும் விடை தலைகீழா மாறன்னு. மாத்தி போட்டதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போச்சு, அந்த பையன் முகத்த பாக்கணுமே. எத்தீரியம் அட்ரஸ்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வர்றது அழகுக்கு இல்ல, அதுதான் அங்க செக்சம், 2016ல சேத்தது. எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கி அனுப்பினா அந்த காவல் போயிரும். இத நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

மூணு மணிக்கு மேல பன்னெண்டு வார்த்தை. 2048 இங்கிலீஷ் வார்த்தை அடங்கின ஒரு பட்டியல், ஒவ்வொரு வார்த்தைக்கும் 11 பிட். பன்னெண்டு வார்த்தைன்னா 132 பிட், அதுல 128 நிஜ ரேண்டம், 4 செக்சம். முத நாலு எழுத்த வச்சே எந்த வார்த்தைன்னு சொல்லிறலாம், அப்படித்தான் பட்டியலயே பொறுக்கியிருக்காங்க. பதினோரு வார்த்தைய நீங்களே எடுத்தாலும் பன்னெண்டாவதா 2048ல 128 வார்த்தை மட்டும்தான் பொருந்தும், அத லேப்டாப்ல போட்டு பாத்தோம், பொருந்தாதத டூல் ஏத்துக்கவே இல்ல. எழுதுற பேப்பர பத்தியும் கொஞ்சம் பேச்சு வந்துச்சு, முட்டத்து அம்மா ஓக்கி புயல்ல வீட்டு பத்திரம் நனைஞ்சு மை ஓடிப்போனத சொன்னாங்க, உப்புக்காத்து அடிக்குற வீட்டுல ஸ்டீல் தகட்டுல பஞ்ச் அடிச்சு வைக்குறதா இருந்தா 304ஐ விட 316 கிரேடு நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்க.

கடைசியா நான் எதுக்கு வந்தேனோ அந்த பாடம், டெரிவேஷன் பாத். அதுக்கு ஒதுக்கினது வெறும் இருவது நிமிசம், அந்த ஒரு மார்க்க குறைச்சது இதுக்குத்தான். வார்த்தைல இருந்து பிபிகேடிஎஃப்2னு ஒரு வேலைய 2048 சுத்து சுத்தி 512 பிட் விதை, அதுல இருந்து ஒரு தலைச்சாவி, அதுல இருந்து கிளை கிளையா கோடிக்கணக்கான சாவி. எந்த கிளைன்னு சொல்றதுதான் பாத். டீச்சர் இதுக்கு பட்டாவ உதாரணம் காட்டினாங்க. மாவட்டம், தாலுகா, வில்லேஜ், சர்வே நம்பர், சப்டிவிஷன். பாத்லயும் அஞ்சு படி, எந்த வகை, எந்த காயின், எந்த கணக்கு, வெளிய இருந்து வாங்குறதா அனுப்பினது போக மிச்சம் திரும்பி வர்றதா, எத்தனாவது. மொத படில 44ன்னு போட்டா 1ல தொடங்குற பழைய அட்ரஸ் வரும், 84ன்னு போட்டா பிசி1க்யூல தொடங்குற புது மாதிரி அட்ரஸ் வரும். வார்த்தை ஒண்ணுதான். கல்குளம் தாலுகால இருக்குற நெலத்த விளவங்கோடு தாலுகா ரிஜிஸ்டர்ல தேடினா நெலமே இல்லன்னுதான் காட்டும்.

எனக்கு அந்த எடத்துல தொண்ட அடைச்சிருச்சு. எல்லாரும் எந்திரிச்சதுக்கு அப்புறம் டீச்சர்ட்ட போய் தம்பி கதைய சொன்னேன். அவங்க மொதல்ல கேட்டது, "மக்களே, அது செத்த வார்த்தைதானா? அதுல இப்ப ஒண்ணும் இல்லியே?" ஒண்ணும் இல்ல டீச்சர், எல்லாம் உருவியாச்சுன்னேன். உயிரோட இருக்குற வார்த்தைய எந்த லேப்டாப்லயும் அடிக்க விடமாட்டேன்னு சொல்லிட்டுதான் நெட் கார்டு கழட்டின அந்த லேப்டாப்ப திறந்தாங்க. தம்பி எழுதின பேப்பர் எனக்க பர்ஸ்லயே இருந்துச்சு, பன்னெண்டு வார்த்தையையும் அடிச்சேன். 44ல வச்சு பாத்தா 1ல தொடங்குற ஒரு அட்ரஸ், நான் பாத்ததே இல்லாதது. புது ஆப் தேடினது இங்கதான். 84க்கு மாத்தினாங்க. கூடைல இருந்து எனக்க போன எடுத்து, ரெண்டு வருசத்துக்கு முந்தி அக்கா இதுதான் எனக்க அட்ரஸ்னு அவன் வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருந்தத தேடி எடுத்தேன். டீச்சர் ஸ்கிரீன்ல விரல வச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிக்க நான் போன்ல பாத்துக்கிட்டே வந்தேன். 42 எழுத்து. கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணு.

அன்னைக்கு அவன் பூஜ்யத்த பாத்து பயந்தப்ப காசு அங்கயேதான் இருந்திருக்கு. ஒரு செட்டிங்க மாத்தினா தெரிஞ்சிருக்கும். இந்த பயத்த வச்சுத்தான் அந்த சப்போர்ட் ஆளுங்க பொழப்பு நடத்துறானுவ, பேலன்ஸ் பூஜ்யம்னு எவனாவது ஒரு குரூப்ல எழுத காத்திருக்கானுவ. இத வாசிக்குற யாருக்காவது அப்படி பூஜ்யம் காட்டினா தயவு செஞ்சு ஒரு நாள் சும்மா இருங்க, யார்கிட்டயும் வார்த்தைய குடுக்காதீங்க, பழைய ஆப் எது, அதுல அட்ரஸ் எப்படி தொடங்கும்னு மட்டும் யோசிச்சு பாருங்க.

இனி குறைகள். ரூம்ல ரெண்டு ஃபேன்ல ஒண்ணுதான் ஓடுது, மத்தியானத்துக்கு மேல வேர்த்து ஊத்துது. குடுத்த ஜெராக்ஸ் நோட்டு முழுக்க இங்கிலீஷ், பாடம் இவ்வளவு அழகா தமிழ்ல நடத்துறவங்க நோட்ட ஏன் அப்படி குடுக்கணும், முட்டத்து அம்மா அத மடிச்சு பைல வச்சிட்டாங்க, வாசிக்க முடியலன்னு எனக்கு தெரியும். பிசி1க்யூ அட்ரஸ எழுதுற பெச்32ங்குற புது எழுத்துமுறைய, 2017ல வந்தது, பேர் மட்டும் சொல்லி விட்டுட்டாங்க, இன்னைக்கு பாதி ஆப் அதத்தான் காட்டுது. டேப்ரூட்ங்குற அதுக்கும் புது வகை அட்ரஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கட்டை உருட்டுறதுக்கு ஒரு மணிநேரம் நல்லதுதான், ஆனா பாத்துக்கு இருவது நிமிசம் சரியே இல்ல. இத நேர்லயே சொன்னேன், அடுத்த தடவ ஒரு மணிநேரம் முழுசா குடுக்கேன், உங்க தம்பி கதைய பேர் சொல்லாம சொல்லலாமான்னு கேட்டாங்க. அவன்ட்ட கேட்டு சொல்றேன்னேன்.

ராத்திரி அவன விளிச்சேன். அட்ரஸ் ஒத்துப்போனத சொன்னேன். செத்த நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப அன்னைக்கு அங்கதான் இருந்துச்சா அக்கா?"ன்னான். ஆமாடேன்னேன். திட்டுவானோ அழுவானோன்னு பயந்தேன், அவன் டீச்சர தாராளமா சொல்ல சொல்லுங்கன்னுட்டான்.

பத்தாங்கிளாஸ் கணக்கு ஞாபகம் இருந்தா போதும், கம்ப்யூட்டர் தெரியணும்னு இல்ல. ஏற்கனவே புரோகிராம் எழுதுறவங்களுக்கு காலை நேரம் கொஞ்சம் மெதுவா தெரியும், ஆனா அந்த 17 கட்டத்த கைல போடாம விட்டுறாதீங்க. ரெண்டு பென்சில், ரப்பர், ஒரு தண்ணி பாட்டில் கொண்டுபோங்க, கிராஃப் பேப்பர் அவங்க தருவாங்க. உங்க நிஜ வார்த்தைய எழுதின பேப்பர கொண்டுபோகாதீங்க. அஞ்சு மணின்னு சொல்லி அஞ்சே முக்காலுக்குத்தான் விட்டாங்க, எனக்கு நேர் பஸ் போயிருச்சு, திங்கள்நகர்ல மாறி வீடு சேர எட்டாச்சு, குளச்சல் பக்கம் போறவங்க காலைலயே டீச்சர்ட்ட சொல்லி வச்சிருங்க.